நம்ம ஊர்னா எந்த ஊரு? – ‘தி எஃப்16ஸ்’ குழுவின் ஒலி மாறிய கதை

1

2014 மழைக்காலம். அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்ணூர்பேட்டைக்கு நானும் என் மாமா பையனும் நடந்து வந்துகொண்டிருந்தோம். அவன் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் சிஎன்சி மெஷின் ஆபரேட்டர். நான் அதே எஸ்டேட்டில், பழைய தொழிற்சாலை மனையில் எழுந்த ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். இருவருக்கும் ஷிஃப்ட் ஒரே நேரத்தில் முடிந்தால் சேர்ந்து நடப்போம். லாரி சேறடிக்காத ஓரம் எது என்று இரண்டு பேருக்குமே மனப்பாடம்.

என் காதில் இருந்த இயர்போனில் ஒன்றைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கேட்டான்.

“யாரு மச்சான் இது, வெள்ளக்காரனா?”

“இல்லடா. நம்ம ஊரு பேண்டு. எஃப்16ஸ்-னு பேரு.”

“நம்ம ஊர்னா எந்த ஊரு? அடையாறா?”

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். சென்னை என்று சொன்னேன். “அதான் எந்த சென்னை?” என்றபடி இயர்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குள் போய்விட்டான்.

அந்தக் குழுவைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் காலத்தில் அவர்களுடைய ஒலி பலமுறை மாறியது. என் வேலை மாறியது, முகவரி மாறியது. அந்தக் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு புது வெளியீட்டையும் அந்தக் கேள்வியோடுதான் கேட்டிருக்கிறேன் என்பது இப்போது திரும்பிப் பார்க்கையில் புரிகிறது. ஒரு இசைக்குழுவுக்கு ஊர் என்பது எங்கே இருக்கிறது? பாடும் மொழியிலா, வாசிக்கும் இடத்திலா, கேட்க வருகிறவர்களிடமா?

2

முதலில் விவரங்கள். தி எஃப்16ஸ் 2012-ல் சென்னையில் தொடங்கிய குழு. ஜோஷுவா ஃபெர்னாண்டஸ் பாடுகிறார், கிட்டாரும் வாசிக்கிறார். அபினவ் கிருஷ்ணஸ்வாமி கிட்டார், ஹர்ஷன் ராதாகிருஷ்ணன் கீபோர்ட், சஷாங்க் மனோகர் பேஸ். ஆரம்ப ஆண்டுகளில் டிரம்ஸில் விக்ரம் யேசுதாஸ் இருந்தார். பாடல்கள் எல்லாமே ஆங்கிலத்தில். 2013-ல் ‘கலைடோஸ்கோப்’ என்ற குறுந்தொகுப்பு. அடுத்த ஆண்டு ‘நோபடிஸ் கோனா வெய்ட்’. 2016-ல் முதல் முழு ஆல்பம் ‘ட்ரிகர்புங்க்டே’. 2019-ல் ‘வீக்எண்ட் ஃப்ரெண்ட்ஸ்’. 2021 கடைசியில் ‘இஸ் இட் டைம் டு ஈட் த ரிச் யெட்?’. பெரிய பட்டியல் கிடையாது. மொத்தத்தையும் மண்ணூர்பேட்டையிலிருந்து தாம்பரம் போய் வரும் நேரத்தில் கேட்டு முடித்துவிடலாம். சிடிஎச் ரோடு டிராஃபிக்கில் மாட்டினால் இரண்டு தடவை கேட்கலாம்.

‘கலைடோஸ்கோப்’ எனக்கு ஆபீஸில் ஒரு சீனியரின் பென் டிரைவ் வழியாக வந்தது. முதல் தடவை கேட்டதும் என்ன தோன்றியது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்: இது எனக்கு ஏற்கெனவே தெரிந்த சத்தம். நியூயார்க்கின் ஸ்ட்ரோக்ஸ், இங்கிலாந்தின் ஆர்க்டிக் மங்கீஸ் போன்ற குழுக்கள் 2000-களில் உண்டாக்கிய அச்சு. இரண்டு கிட்டார்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும். டிரம்ஸ் ஆடச் சொல்லி நெட்டித் தள்ளும். பாடகர் கொஞ்சம் அலட்சியமாக, தூங்கி எழுந்த குரலில் பாடுவார். அதை இந்தக் குழு நன்றாகவே செய்தது. வாசிப்பில் தடுமாற்றம் இல்லை, பாட்டு தேவையைவிட நீளவில்லை, இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கே உரிய அவசரம் இருந்தது.

“காப்பி” என்று ஒதுக்கியவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அதில் பெரிய புகார் இல்லை. நான் எழுதிய முதல் புரோகிராமும் வேறு யாரோ எழுதியதைப் பார்த்து, மாறிகளின் பெயரை மட்டும் மாற்றியதுதான். எல்லாருமே அப்படித்தான் கற்றுக்கொள்கிறோம். என்னை உறுத்தியது வேறு. அந்தப் பாடல்களில் வெயில் இல்லை. நம் ஊரில் எந்த உணர்ச்சியின் மேலும் ஒரு வியர்வைப் படலம் இருக்கும். காதலோ கோபமோ, விசிறிக்கு அடியில்தான் நடக்கும். இந்தப் பாடல்களின் உலகம் ஏசி அறை. அந்த உலகில் வெளியே போனால் எந்த ஊர் வரும் என்று சொல்லவே முடியாது.

ஆனால் அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கதவைத் திறந்தால் மண்ணூர்பேட்டை வராத ஒரு அறை. இருபத்துமூன்று வயதில் இயர்போன் வேறு எதற்கு?

3

“தமிழ்ல பாடலாமே?” இந்தக் குழுவைப் பற்றி யாரிடம் பேசினாலும் வரும் முதல் கேள்வி. நானும் பல வருடம் கேட்டேன். இப்போது அதைத் தவறாகப் போடப்பட்ட கேள்வி என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்ல ஒரு நாட்டைத் துணைக்கு அழைக்கிறேன்: வேல்ஸ்.

வேல்ஸில் 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் மக்கள்தொகையில் 17.8 சதவீதம். மற்றபடி எல்லாம் ஆங்கிலம். கார்டிஃபில் உருவான சூப்பர் ஃபரி அனிமல்ஸ் என்ற குழு தொண்ணூறுகளில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடிப் பெயர் வாங்கியது. பிறகு 2000-ல் ‘மூங்’ என்று முழுக்க வேல்ஷ் மொழியில் ஒரு ஆல்பத்தைத் தங்கள் சொந்த லேபிளில் வெளியிட்டது. அது பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 11-ஆம் இடம் வரை போனது. நாடாளுமன்றத்தில் அதைப் பாராட்டித் தீர்மானமே முன்வைக்கப்பட்டது. அங்கே தாய்மொழியில் பாடுவது என்றால் சந்தையை விட்டு வெளியே போவது. சந்தை ஆங்கிலத்தில் இருக்கிறது. தாய்மொழி ஒதுக்குப்புறத்தில் இருக்கிறது. அதனால் அந்த ஆல்பம் ஒரு துணிச்சல்.

சென்னையில் கணக்கு தலைகீழ். இங்கே சந்தையே தமிழில்தான். அந்தச் சந்தைக்கு சினிமா என்று பெயர். தமிழில் நல்ல பாட்டு ஒன்று போடுகிறவரை அடுத்த வருடமே சினிமா வந்து அழைத்துக்கொண்டு போய்விடும். 2012-ல் ‘அட்டகத்தி’ வந்ததிலிருந்து இது வேகமெடுத்தது. தனியாகக் குழு வைத்து இயங்கிக்கொண்டிருந்த ஷான் ரோல்டன் 2014-ல் ‘வாயை மூடி பேசவும்’ படத்துக்கு இசையமைத்தார். ‘லா பொங்கல்’ குழுவின் தர்புகா சிவா 2016-ல் ‘கிடாரி’க்கு. பிரதீப் குமார் பாடகராகவும் பிறகு இசையமைப்பாளராகவும். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அவர்கள் போனதால் சினிமாப் பாட்டு வளமானது, அவர்களுக்கும் வீட்டு வாடகை கொடுக்க முடிந்தது. ஆனால் குழுக்கள் என்ன ஆயின? ஒரு குழு பத்து வருடம் சேர்ந்து வாசித்து, தன் தப்புகளைத் தானே செய்து, ஒலி மாறி மாறி முதிர்வதைப் பார்க்கும் வாய்ப்பு தமிழில் நமக்கு அரிதாகவே கிடைத்திருக்கிறது.

எஃப்16ஸுக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது. சினிமாவுக்குத் தேவைப்படாத மொழியில் பாடியதால் கிடைத்தது. சினிமாப் பாட்டுக்குக் கதை வேண்டும், நாயகன் வேண்டும், முதல் பத்து விநாடியில் பிடித்து நிறுத்தும் கொக்கி வேண்டும். இவர்களிடம் யாரும் அதையெல்லாம் கேட்கவில்லை. ஆங்கிலம் அவர்களுக்கு மேட்டிமையாக இருந்திருக்கலாம், வசதியாகவும் இருந்திருக்கலாம். ஆனால் விளைவு என்று பார்த்தால் அது ஒரு சுவர். அந்தச் சுவருக்கு உள்ளேதான் இந்த மாற்றங்கள் எல்லாம் நிதானமாக நடந்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பாட்டு என்றால் அடையாறு என்று என் மாமா பையன் முடிவு கட்டியது முழுக்கச் சரியில்லை. பெரம்பூரில் ரயில்வே ஆங்கிலோ-இந்தியர்களின் நடன இரவுகளுக்குப் பல தலைமுறை வரலாறு உண்டு. எங்கள் தெருமுனைச் சபையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பேஸ் கிட்டார் அதிரும் சத்தம் நான்கு வீடு தள்ளிக் கேட்கும். வடக்கிலும் மேற்கிலும் மேற்கத்திய வாத்தியம் தெரிந்த பையன்களுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. அவர்கள் வாசிக்க மேடைதான் இல்லை.

4

மேடை என்றதும் அடுத்த விஷயம் வருகிறது. இதைப் பற்றி இசை விமர்சனங்களில் யாரும் எழுதுவதில்லை: மதுபான உரிமம்.

தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். அதற்கு வெளியே பார் நடத்த வேண்டுமானால் பெரும்பாலும் நட்சத்திர ஓட்டலாகவோ கிளப்பாகவோ இருக்க வேண்டும். பெங்களூரில் மாதிரித் தெருவுக்கு ஒரு பப் இங்கே முளைக்க முடியாது. ராக் குழுக்கள் உலகமெங்கும் வளர்வது சின்ன பார்களில். நம் ஊரில் சின்ன பாருக்கே இடமில்லை என்பதால் குழுக்கள் நேராக ஓட்டலுக்குப் போயின. மிச்சம் இருந்தவை ஐஐடி சாரங் மாதிரியான கல்லூரி விழாக்கள். 2010-ல் புனேவில் தொடங்கிய என்ஹெச்7 வீக்எண்டர் போன்ற திருவிழாக்கள் வந்த பிறகு வெளியூர் மேடைகள். எஃப்16ஸ் இந்தப் பாதையில்தான் வளர்ந்தது. ஆக, சென்னைக் குழுவைச் சென்னையில் கேட்க வேண்டுமென்றால் ஓட்டல் வாசலில் செக்யூரிட்டியைக் கடக்க வேண்டும்.

நான் முதல் தடவை போனது ஒரு சனிக்கிழமை. தனியாக. ஓட்டலின் பெயர் முக்கியமில்லை. செருப்பைப் பார்த்துவிட்டு, “ஷூ போட்டாதான் சார் உள்ள விடுவாங்க” என்றார் வாசலில் நின்றவர். குரலில் மரியாதை இருந்தது, கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. அவர் ஊர்க்காரத் தமிழில் பேசினார், நானும். எங்கள் இரண்டு பேருக்குமே அந்த விதி சம்பந்தமில்லாதது போல நின்றோம். அடுத்த தடவை ஷூ போட்டுக்கொண்டு போனேன். ஒரு பீர் விலைக்கு என் அம்மா வாராவாரம் காய்கறி வாங்குவார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஓட்டினேன்.

ஒன்பதரைக்கு மேல்தான் குழு மேடையேறும். எனக்குக் கடைசி ரயில் கணக்கு. மூர் மார்க்கெட் வளாகத்துக்குப் போய், ஆவடிப் பக்கம் போகும் வண்டியைப் பிடித்து, பட்டரவாக்கத்தில் இறங்கி, எஸ்டேட்டுக்குள் நாய்களைத் தாண்டி நடக்க வேண்டும். அதனால் கடைசி இரண்டு மூன்று பாட்டுக்கு முன்பே கிளம்பிவிடுவேன். நான்கைந்து தடவை போயிருப்பேன். ஒரு தடவைகூட அவர்களுடைய கடைசிப் பாட்டை மேடையில் கேட்டதில்லை. படிக்கட்டில் இறங்கும்போது பின்னாலிருந்து கைதட்டல் கேட்கும். எந்தப் பாட்டுக்கு என்று தெரியாது.

இதைக் குழுவின் தவறு என்று சொல்லவில்லை. அவர்களுக்கும் வேறு மேடை இல்லை. ஆனால் ஒலி என்பது வாசிக்கும் அறையைப் பொறுத்தது என்று நம்புகிறவன் நான். முதல் இரண்டு வெளியீடுகளின் துள்ளல் அந்த அறைகளுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது. குடித்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பவர்களைத் திரும்ப வைக்க வேண்டிய துள்ளல் அது.

5

‘நோபடிஸ் கோனா வெய்ட்’ வந்தபோதே சத்தத்தில் கொஞ்சம் இருட்டு ஏறியிருந்தது. கிட்டார் அதே வேகத்தில் ஓடினாலும் கீபோர்ட் பின்னாலிருந்து முன்னுக்கு நகர்ந்தது. யாரும் காத்திருக்கப் போவதில்லை என்று தலைப்பு. ரயிலுக்கு ஓடுகிறவனுக்கு அதில் ஒரு சொந்தம் தோன்றியது.

உண்மையான திருப்பம் 2016-ன் ‘ட்ரிகர்புங்க்டே’. அது ஜெர்மன் சொல். தசையில் முடிச்சு விழுந்து, தொட்டால் வேறெங்கோ வலிக்கும் இடங்களுக்கு அந்தப் பெயர். எட்டு மணி நேரம் மானிட்டர் முன்னால் குனிந்து உட்காருகிற யாருக்கும் அந்த இடம் எதுவென்று தெரியும்: வலது தோள்பட்டைக்குக் கீழே. எஸ்டேட்டில் நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு இடுப்பில். அந்த ஆல்பத்தில் குழு முதன்முறையாக வேகத்தைக் குறைத்துப் பார்த்தது. சிந்தசைஸர் அடுக்கடுக்காகப் பரவுகிறது. குரல் கலவையின் முன்னால் வந்து நிற்காமல் கொஞ்சம் உள்ளே தள்ளி, எதிரொலியோடு மிதக்கிறது. ‘மூன் சைல்ட்’ இந்த மாற்றத்துக்கு நல்ல உதாரணம். ஆடச் சொல்லாத பாட்டு அது. ஆடிக் களைத்தவர் வீடு திரும்பும் நேரத்துப் பாட்டு.

அந்த ஆல்பத்தில் குறைகள் உண்டு. சில பாடல்களில் ஒலிகளைச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். எதை எடுத்தால் பாட்டு நிற்கும் என்று தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு அடுக்கு வந்து உட்காருகிறது. புதுக் கருவி கையில் கிடைத்த எஞ்சினியர் செய்கிற தப்பு இது, நானே பலமுறை செய்திருக்கிறேன். ஆனாலும் இந்த ஆல்பத்தில்தான் முதன்முறையாக எனக்கு வெயில் தெரிந்தது. வார்த்தையில் இல்லை, சத்தத்தின் தளர்ச்சியில். மதியம் மூன்று மணிக்குக் கரண்ட் போன அறையில் படுத்திருக்கும் உடம்பின் வேகம் அது. நியூயார்க்கில் அந்த வேகம் கிடையாது. இதை எழுதும்போது நான் என் ஊரை அந்தப் பாட்டுக்குள் ஏற்றுகிறேனோ என்ற சந்தேகமும் வருகிறது. இருக்கலாம். கேட்கிறவரும் கொஞ்சம் வாசிக்கத்தானே செய்கிறார்.

6

2019-ல் அடுத்த குறுந்தொகுப்பு வந்தது. ‘வீக்எண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ என்றுதான் வாசிக்க வேண்டும். ஆனால் அட்டையில் ஆங்கில உயிரெழுத்துகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் மெய்யெழுத்துகளால் எழுதியிருந்தார்கள். எஸ்எம்எஸ் காலத்துச் சுருக்கம், நாகரிகமான பாணி, அவ்வளவுதான். ஆனால் தமிழில் படித்து வளர்ந்தவனால் அதை அப்படியே விட்டுவிட முடியவில்லை. நமக்கு உயிரெழுத்து என்றால் உயிர், மெய் என்றால் உடம்பு. வாரக்கடைசி நண்பர்கள் என்ற தலைப்பில் உயிரை எடுத்துவிட்டு உடம்பை மட்டும் விட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை இரவு ஒன்றாக ஆடி, திங்கட்கிழமை போனை எடுக்காத உறவுகளுக்கு இதைவிடப் பொருத்தமாகப் பெயர் எழுத முடியாது. அவர்கள் இதை யோசித்துச் செய்திருக்க மாட்டார்கள். இது தமிழ் செய்த உபகாரம்.

இந்தத் தொகுப்பில் குழு முழுக்கப் பாப் இசைக்குள் வந்துவிட்டது. கிட்டார்கள் பின்வாங்கிவிட்டன. ஆரம்பகால டிரம்ஸின் முரட்டுத்தனம் போய், அளவாக வெட்டி அடுக்கிய தாளம் வந்தது. ‘ஆம்பர்’ பாட்டில் ஜோஷுவாவின் குரல் மேல் ஸ்தாயியில் மெலிந்து, கிட்டத்தட்டக் கெஞ்சுகிறது. ‘கலைடோஸ்கோப்’ காலத்து அலட்சியம் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன்னால் எதற்கும் கவலைப்படாதவர் போலப் பாடிய அதே ஆள் இப்போது பயந்தவர் போலப் பாடுகிறார். எனக்கு அது பெரிய முன்னேற்றமாகப் பட்டது. இருபதுகளின் தொடக்கத்தில் அலட்சியம் ஒரு வேஷம். முப்பதை நெருங்கும்போது வேஷம் கட்ட நேரம் இருக்காது.

பழைய ரசிகர்கள் சிலருக்கு ஏமாற்றம். “ராக் பேண்டா இருந்தது, இப்ப லிஃப்ட்ல போடுற மியூசிக் மாதிரி ஆயிடுச்சு” என்றான் ஆபீஸ் நண்பன். வழவழப்பு கூடிவிட்டது என்ற அந்தப் புகாரில் உண்மை இருக்கிறது. ஆனால் வழவழப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. அதற்குப் பதில் அடுத்த தொகுப்பில் வந்தது.

7

‘இஸ் இட் டைம் டு ஈட் த ரிச் யெட்?’ பணக்காரர்களைத் தின்னும் நேரம் வந்துவிட்டதா என்று கேட்கிறது தலைப்பு. மக்களுக்குத் தின்ன எதுவும் இல்லாமல் போனால் பணக்காரர்களைத் தின்பார்கள் என்று ரூசோ சொன்னதாகச் சொல்லப்படும் ஒரு வாசகத்தின் நிழல் அதில் இருக்கிறது. தொகுப்பு வந்த 2021-ல்தான் ஏப்ரல், மே மாதங்களில் ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு அலைந்தோம். எங்கள் தெருவில் மூன்று வீட்டில் சாவு. அந்த வருடத்துக்கு அந்தத் தலைப்பு பொருத்தம்தான்.

ஆனால் சத்தம்? அவர்கள் பதிவு செய்ததிலேயே இனிமையான சத்தம் இதுதான். ‘ஐ’ம் ஆன் ஹாலிடே’ ஐம்பதுகளின் அமெரிக்கக் குழுப்பாடல்களை நினைவூட்டும் அடுக்குக் குரல்களோடு, கடற்கரை வெளிச்சத்தோடு வருகிறது. ‘ஈஸி பேக், ஈஸி வேக்’, ‘சக்ஸ் டு பி ஹியூமன்’ – தலைப்புகள் எல்லாம் கிண்டல், இசை எல்லாம் ஐஸ்கிரீம். இத்தனை வருட மாற்றத்தின் திசை எனக்கு இங்கேதான் பிடிபட்டது. ஒவ்வொரு வெளியீட்டிலும் இசை இனிக்க இனிக்க, உள்ளே இருக்கும் கசப்பு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. முரட்டுக் கிட்டார் அடித்த காலத்தில் அவர்களிடம் கோபம் எதுவும் இல்லை, உற்சாகம்தான் இருந்தது. கோபம் வந்தபோது கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு விளம்பரப் பாட்டின் குரலை எடுத்துக்கொண்டார்கள். நம்மைச் சுற்றி விற்கப்படும் எல்லாமே அந்தக் குரலில்தான் விற்கப்படுகிறது என்பதால் அது சரியான தேர்வு. லிஃப்ட் மியூசிக் என்று திட்டிய நண்பன் பாதிதான் கண்டுபிடித்தான். லிஃப்ட் எங்கே போகிறது என்று பார்க்கவில்லை.

சரி, பாராட்டிவிட்டேன். இப்போது மாமா பையனின் கேள்வியைக் கேட்க வேண்டும். தின்னப்பட வேண்டிய பணக்காரன் யார்?

இதே சென்னையில் 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முறையாக மேடையேறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில். திறந்த மைதானம், டிக்கெட் இல்லை, செருப்போடு போகலாம். நானும் மாமா பையனும் சேர்ந்து போன ஒரே நிகழ்ச்சி அது. கடைசிப் பாட்டு வரை இருந்தோம். அந்தக் குழுவின் கோபத்துக்கு முகவரி இருந்தது: சாதி, இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, கையால் மலம் அள்ளுதல். யாரைச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

எஃப்16ஸின் கோபத்துக்கு அப்படி முகவரி இல்லை. ‘பணக்காரர்’ என்று அவர்கள் சொல்லும்போது அமெரிக்க டிவியில் வரும் பில்லியனர் ஞாபகத்துக்கு வருகிறாரே தவிர, நம் ஊரில் சொத்தும் சாதியும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்ற விஷயம் வருவதே இல்லை. இதை அந்தத் தொகுப்பின் பெரிய குறையாகவே பார்க்கிறேன். ஓட்டல் அறையில் வளர்ந்த ஒலி ஓட்டல் வாசலில் நிற்கும் ஆளைப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் பாடியதால் இப்படி ஆனது என்று நான் நினைக்கவில்லை. ஆங்கிலத்திலும் தெருப்பெயர் சொல்லலாம்.

ஆனால் இதை எழுதிக்கொண்டிருப்பவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான்? 2020-ல் மண்ணூர்பேட்டைத் தெரு வீட்டைவிட்டு, இரண்டு கிலோமீட்டர் தள்ளி, கேட் போட்ட அடுக்குமாடிக்கு வந்துவிட்டேன். இருபது வருட இஎம்ஐ. லிஃப்ட் இருக்கிறது, அதில் மியூசிக்கும் இருக்கிறது. ஊரடங்கில் நான் வீட்டிலிருந்தே முழுச் சம்பளம் வாங்கியபோது மாமா பையனின் பட்டறை மூடிக் கிடந்தது. அந்த இரண்டு மாதம் அவனுக்குச் சம்பளம் இல்லை. நான் பணம் அனுப்பினேன், அவன் திருப்பி அனுப்பிவிட்டான். ‘ஐ’ம் ஆன் ஹாலிடே’யை முதன்முறை கேட்டபோது சிரித்தேன், யாரையோ கிண்டல் செய்கிறார்கள் என்று. மூன்றாவது தடவை கேட்கும்போதுதான் சிரிப்பு நின்றது. எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் அந்தப் பாட்டில் இருப்பது நான்தான்.

முகவரி இல்லாத கோபத்தின் ஒரு பயன் இதுவாக இருக்கலாம். கலெக்டிவின் பாட்டைக் கேட்டு மைதானத்தில் கை தட்டியபோது நான் சரியான பக்கத்தில் நிற்கிறேன் என்று சுலபமாக நம்ப முடிந்தது. எஃப்16ஸ் அந்தச் சுலபத்தைத் தரவில்லை. தங்களையும் தங்களைக் கேட்க வருகிறவர்களையும் சேர்த்தே அந்தத் தலைப்பு கேட்கிறது. ஓட்டலுக்குள் வளர்ந்த ஒரு குழு ஓட்டலுக்குள் இருப்பவர்களைப் பற்றிப் பாடுவதை நேர்மை என்றுதான் சொல்ல வேண்டும். அது போதுமா என்றால், போதாது. ஆனால் தனக்குத் தெரிந்த அறையைப் பற்றிப் பொய் சொல்லாமல் இருப்பது ஒரு தொடக்கம்.

8

போன தீபாவளிக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மொட்டை மாடியில் அவனும் நானும். ஃபோனில் ‘ஐ’ம் ஆன் ஹாலிடே’யைப் போட்டு, ஒன்றும் சொல்லாமல் அவன் கையில் கொடுத்தேன். முழுக்கக் கேட்டான். இந்த முறை பாதியில் திருப்பிக் கொடுக்கவில்லை.

“நல்லாருக்கு மச்சான். ட்யூன் ஒட்டிக்குது. அதே பேண்டா?”

“அதேதான்.”

“அப்ப அடிச்சிக்கினு இருந்தாங்க. இப்ப கொஞ்சறாங்க.” கொஞ்ச நேரம் யோசித்தான். “ஹாலிடேன்றது உனக்குடா. எனக்கு அது லாஸ் ஆஃப் பே.”

கோபமாகச் சொல்லவில்லை. ட்யூன் நல்லாருக்கு என்று எந்தக் குரலில் சொன்னானோ அதே குரலில் சொன்னான். பத்து வருட இசைப் பயணத்தை நான் இவ்வளவு பக்கத்தில் எழுதியதை அவன் இரண்டு வரியில் முடித்துவிட்டான்.

எந்த ஊர் பேண்ட் என்று அவன் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த முறை பதில் வைத்திருந்தேன்: நான் இப்போது குடியிருக்கும் ஊர். கீழே யாரோ ஆயிரம்வாலா கொளுத்தினார்கள். பாட்டின் கடைசி அதில் அமுங்கிப்போனது. “இன்னொரு வாட்டி போடு” என்றான்.